கரண்ட் போனால் என்ன ஆகும்?

தெருத்தெருவாக இன்டர்நெட் விற்றுப் பிழைத்த அந்த மனிதருக்கு ஊர் வைத்த பெயர் ‘வேகம்’. பெயருக்கும் ஆளுக்கும் ஏழாம் பொருத்தம். அவருடைய ஸ்கூட்டரை சைக்கிள்காரர்கள் இரக்கத்தோடு முந்திக்கொண்டு போவார்கள். ஆனால் ஒரு கதவு திறந்துவிட்டால் போதும், வாயைப் பிடிக்க ஆளில்லை.

“பழைய போன் லைன் இருக்கே, அது செம்புக் கம்பிம்மா. எக்ஸ்சேஞ்ச்ல கிளம்பினது உங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள மூச்சு வாங்கிடும். டிவி கேபிள்ல வர்றது தெருக்குழாய் மாதிரி. சாயங்காலம் எல்லாரும் திறந்தா உங்களுக்குச் சொட்டுதான். சிம் போட்ட பெட்டி வாங்கினா வயரே வேணாம். ஆனா டவர் பக்கத்துல இருக்கணும், அங்க கூட்டமும் இருக்கக் கூடாது. பஸ்ல சீட்டு பிடிக்கற கதை. காட்டுக்குள்ள குடியிருந்தா சாட்டிலைட் டிஷ் வெக்கலாம். ஃபைபர்தாம்மா ராஜா! கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சமா ஓடி வரும்.”

அத்தனையும் உண்மை. அந்தத் தொழிலில் பொய் சொல்லவே தேவையில்லை. ஒரே ஒரு உண்மையை விழுங்கத் தெரிந்தால் போதும். செம்புக் கம்பி தனக்கு வேண்டிய மின்சாரத்தை எக்ஸ்சேஞ்சிலிருந்தே கூட்டிக்கொண்டு வரும். வீடு இருண்டு கிடந்தாலும் பழைய போன் பேசும். ஃபைபர் ராஜாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வீட்டில் கரண்ட் போனால் ரௌட்டர் அணையும். அதில் செருகிய போனும் ஊமையாகும். அதற்கென்று சின்னதாக ஒரு பேட்டரிப் பெட்டி உண்டு. அதை வெளியே எடுத்தால் ‘இது எதுக்கு?’ என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் யோசனை வரும். யோசனை வந்தால் வியாபாரம் வாசலோடு போய்விடும். ஆகவே, ‘கரண்ட் போனால்’ என்று தொடங்கும் வாக்கியத்தை விற்பனை ஆட்கள் உச்சரிப்பதில்லை. நாளடைவில் அது மண்டையிலிருந்தே கழன்றுவிடும்.

வேகம் தன் அக்கா வீட்டுக்குப் போனபோதும் அது கழன்றுதான் இருந்தது.

அக்கா தனி ஆள், ஆஸ்துமாக்காரி. நான்கு பக்கமும் உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஒரு மாடி அறை. செல்போன் சிக்னல் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காது. சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினால் தயவுபண்ணி ஒரு கோடு காட்டும்.

“எனக்கெதுக்குடா வேகம்? நான் எங்க ஓடப் போறேன்? படி ஏறினாலே நெஞ்சு விசிலடிக்குது.”

“அதுக்குத்தான்க்கா சொல்றேன். வைஃபை வந்துட்டா உன் செல்போனும் அது வழியாவே பேசும். டவரே வேணாம். ஒரு சத்தம் குடு, ஓடி வந்துடறேன்.”

“அந்த ஸ்கூட்டர்லயா? நீ வர்றதுக்குள்ள என்னைத் தூக்கிட்டே போயிடுவாங்க.”

இருவரும் சிரித்தார்கள். பழைய போனைக் கழற்றினார், புதுசை மாட்டினார். பேட்டரிப் பெட்டி கீழே ஸ்கூட்டரிலேயே கிடந்தது. வஞ்சகம் ஒன்றுமில்லை. வழக்கமாகத் தாண்டும் பள்ளத்தை நாக்கு வழக்கம்போலத் தாண்டியது, அவ்வளவுதான்.

பட்டப்பகலில் ஒரு நாள் புயல்மழை பிடித்தது. வேகம் ஒரு கடைக்குள் ஒதுங்கினார். கடை விளக்கு அணைந்தது. “கரண்ட் போச்சு” என்றார் கடைக்காரர். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் மீதி வாக்கியம் முழுசாக வேகத்தின் மண்டைக்குள் வந்து உட்கார்ந்தது. அக்காவின் வீட்டுப் போனைக் கூப்பிட்டார். செல்லைக் கூப்பிட்டார். பிறகு ஸ்கூட்டரை முறுக்கினார். அது தன் வேகத்தில்தான் போனது.

கதவை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. அக்கா சன்னலடியில் கிடந்தாள். செல்போன் கீழே தெருத் தண்ணீரில் கிடந்தது. ரௌட்டரில் ஒரு விளக்கும் இல்லை.

எதிர்க் கட்டடத்துத் தையல்காரம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: “கையை வெளிய நீட்டிட்டே இருந்தாங்கண்ணே. மழைத்தண்ணி பிடிக்கறாங்கன்னு நினைச்சேன். நானும் இங்கிருந்து கையாட்டினேன்.”

துக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியவர், வீட்டுக்கு வீடு வாயைத் திறந்ததும் அந்த வாக்கியத்தைத்தான் முதலில் சொன்னார். “கரண்ட் போனா போன் போயிடும்மா. இந்த பேட்டரி இல்லாம கனெக்‌ஷன் வாங்காதீங்க. எங்க அக்கா போயிட்டாங்க.” வேலை போனாலும் பரவாயில்லை என்றிருந்தார். மேலதிகாரி கூப்பிட்டனுப்பியபோது ராஜினாமாவுக்கும் தயாராகத்தான் போனார்.

அங்கே காபி கொடுத்தார்கள்.

“சார், உங்க ஏரியாவுல பேட்டரி பிச்சுக்கிட்டுப் போகுது! அந்த அக்கா மேட்டர் நல்லா ஒர்க் ஆகுது. நம்ம பசங்க எல்லாரையும் அப்படியே பேசச் சொல்லிட்டேன்.”

அடுத்த வாரம் ஒரு வீட்டு வாசலில் நின்று “எங்க அக்கா…” என்று ஆரம்பித்தார். அந்தம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

“கரண்ட் போயி செத்துட்டாங்களா? நேத்து வந்த தம்பியோட அக்காவும் அப்படித்தான் போனாங்களாம். உங்க கம்பெனியில வேலைக்குச் சேரணும்னா அக்காவைக் காவு குடுக்கணுமோ?”

“இல்லம்மா, என் அக்கா நிஜம்.”

“அவரும் அதையேதான் சொன்னாரு. ஃபைபர் குடுத்துட்டுப் போங்க, பேட்டரி வேணாம்.”

உள்ளறையில் யாரோ இருமினார்கள். மூச்சை இழுத்து இழுத்து, முடிவதாகத் தெரியாத இருமல். வேகம் பேட்டரிப் பெட்டியை எடுத்து நீட்டினார்.

“காசு வேணாம்மா. சும்மா வெச்சுக்குங்க.”

அந்தம்மா பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“சும்மா குடுக்கறீங்கன்னா இதுல என்னமோ இருக்கு” என்று கதவைச் சாத்தினாள்.