எந்த கிரீன்வுட்?

எங்கள் ஓவர்டீன் கடைத்தெருவில் நின்று "மிஸ்டர் கிரீன்வுட்!" என்று கூப்பிட்டுப் பாருங்கள். பதினேழு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பாதவன் காது கேட்காத கிரீன்வுட். நானும் கிரீன்வுட்தான். பிறந்ததும் அந்தப் பெயரில், கட்டிக்கொண்டதும் அந்தப் பெயரில். கல்யாணத்தன்று பதிவேட்டில் பழைய கையெழுத்தையே போட்டுவிட்டு வந்தேன்.

பச்சைக் காடு என்று அர்த்தமாம். அறுநூறு வருஷத்துக்கும் முன்னால் மேட்டுக் காட்டை ஒட்டிக் குடியிருந்த எவனோ ஒருவனுக்கு வைத்த பெயர் என்று பள்ளிக்கூட வாத்தியார் சொல்வார். அந்த மேட்டில் இன்றைக்கு ஒரு நாய் காலைத் தூக்க மரம் கிடையாது, எல்லாவற்றையும் ஆடு மேய்ந்து தீர்த்துவிட்டது. பெயர் மட்டும் பள்ளத்தாக்கு முழுக்கப் பெருகிக் கிடக்கிறது. எங்கள் பக்கம் குளிர்காலம் நீளம், வேறு பொழுதுபோக்கும் இல்லை. நான் வேறென்ன சொல்ல?

அதனால் ஆளுக்கொரு பட்டப்பெயர். அது அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும், வீடு வாசல் வருகிறதோ இல்லையோ. சேப்பல் என்கிற எங்கள் ஜெபக்கூடத்துக்கு எதிரே கறி அடைத்துச் சுட்ட பையும் வேகவைத்த பட்டாணியும் விற்கிற நான் பட்டாணி. என் மகளும் பட்டாணி. அவள் லீட்ஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ், பட்டாணியைக் கண்டாலே அவளுக்கு ஆகாது, ஆனாலும் பட்டாணிதான்.

நான் சொல்ல வந்தது எஸ்ரா கிரீன்வுட்டைப் பற்றி. அவர் பட்டப்பெயர் கோழித்திருடன். திருடியது அவருடைய தாத்தா. கோழியைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு ஓடும்போது சேப்பல் மணி அடித்துவிட்டது. போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று கோழியோடு உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது கோழி கொக்கரித்தது. அவ்வளவுதான், மூன்று தலைமுறைக்கு மானம் போயிற்று.

பேரன் எஸ்ரா ஒரு முட்டையைக்கூடத் தொட்டவர் இல்லை. பன்னிரண்டு வயதில் மில்லுக்குப் போனவர். ஊர் பேண்டில் பெரிய பித்தளைக் குழல் ஊதினார். ஞாயிற்றுக்கிழமை தெருவில் நாற்காலி போட்டு எல்லோருக்கும் இலவசமாக முடிவெட்டுவார். எவ்வளவு கண்றாவியாக வெட்டுவார் என்பதற்கு என் வீட்டுக்காரரின் போட்டோக்கள் சாட்சி. பட்டப்பெயர் மட்டும் அவருக்கு நெஞ்சில் முள். யாராவது கூப்பிட்டால் காது மடல் சிவந்துவிடும். ஒருமுறை கதவில் "மிஸ்டர் எஸ்ரா கிரீன்வுட்" என்று பித்தளைப் பலகை அடித்தார். தபால்காரன் கண்டது ஒரே ஒரு பெயர்ப்பலகை. விலாசம் புரியாத அத்தனை கிரீன்வுட் தபாலையும் அங்கேயே தள்ளினான். யாரோ ஒரு கிரீன்வுட்டுக்கு அவனுடைய கள்ளக்காதலி எழுதிய கடிதத்தை எஸ்ரா பிரித்துப் படித்து, அவனுடைய மனைவியும் வந்து நின்று, பலகையைக் கழற்றும்படி ஆயிற்று.

ஊரில் இன்னொரு எஸ்ரா கிரீன்வுட் உண்டு. ஏறக்குறைய அதே வயது. அவன் பெயர் கேட்டுப்பூட்டு. மில் வாசலில் நாற்பது வருஷம் காவல். காலை ஆறு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் கேட்டைப் பூட்டிவிடுவான், அரை நாள் கூலி போச்சு. நானும் அங்கே வேலை பார்த்து, வயிற்றில் பிள்ளை ஏழு மாசம் இருக்கும்போது, பனியில் வழுக்கி வழுக்கி வந்து நான் கம்பியைப் பிடித்ததும் பூட்டினான். கெஞ்சினேன். கடிகாரத்தைக் காட்டினான். உள்ளே போயிருந்த கோழித்திருடன் திரும்பி வெளியே வந்து, தன் அரை நாளையும் விட்டுவிட்டு, என்னைக் கைப்பிடித்து வீடுவரை கொண்டுவந்து விட்டார். அவரைச் சாகும்வரை மறக்கமாட்டேன் என்று அன்றைக்கு நினைத்தேன்.

போன மார்ச்சில் நெஞ்சுச் சளி என்று ஹாலிஃபாக்ஸில் இருக்கிற மகள் ஈடித் கோழித்திருடனைக் கூட்டிப்போனாள். வெயில் வந்ததும் திரும்பிவிடுவார் என்றிருந்தோம். புதன்கிழமை சாயங்காலப் பேப்பரில் இரண்டு வரி வந்தது. கிரீன்வுட், எஸ்ரா, ஓவர்டீன், வயது எழுபது. வியாழன் இரண்டு மணிக்கு சேப்பலில் அடக்க ஆராதனை. அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் சாவு அறிவிப்பில் பட்டப்பெயரைச் சேர்த்துத்தான் போடுவோம். இல்லாவிட்டால் எவன் போனான் என்று எவனுக்குத் தெரியும்? அது இல்லாததைப் பார்த்ததும் ஊரே முடிவு கட்டிவிட்டது.

"கேட்டுப்பூட்டு போயிட்டானாம்டி!" என்றாள் கடைக்கு வந்த பக்கத்து வீட்டு மூக்கு நெல்லி. அவளும் கிரீன்வுட்தான். "அவனைப் பிடிக்கவும் ஆளில்லை, பேருக்கு முன்னாடி ஒரு அடைமொழி போடவும் ஆளில்லை. பாவம், தானே எழுதி வெச்சுட்டுப் போயிருப்பான்."

"கால் வலின்னு ஒரு மாசமா மேட்டைவிட்டு எறங்கலியே, அப்பவே நெனச்சேன்" என்றேன். "மேல போய் அங்க இருக்கிற கேட்டையும் பூட்டிறாம இருந்தா சரி."

கடையே சிரித்தது. வியாழன் மதியம் யாரும் கறுப்பு உடை எடுக்கவில்லை. நான் அடுப்பில் பட்டாணியைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

இரண்டடிக்கப் பத்து நிமிஷம். சேப்பல் வாசலில் கறுப்பு உடையில் ஒரு பெண் தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டுப்பூட்டுக்குப் பெண் குழந்தை ஏது? அவள் முகத்தைத் திருப்பினாள். ஈடித்.

கரண்டி கையிலிருந்து விழுந்தது. எப்படித் தெருவைக் கடந்தேனோ தெரியாது.

"ஈடித்! கண்ணு! அப்பாவா?"

"யாருமே வரல அத்தை." அவள் காலித் தெருவைக் காட்டினாள். "நூறு பேருக்கு ஹாம் கறிச் சாப்பாடு சொல்லியிருக்கேன். உள்ள நாலு பேரு. அதுல ரெண்டு பேரு பொட்டி தூக்க வந்தவங்க. எங்கப்பாவை இந்த ஊருக்குப் பிடிக்காதா?"

"ஐயோ பாவி மகளே, எந்த எஸ்ரான்னு போட்டிருக்கக் கூடாதா? இரு, நான் ஒரு சத்தம் போடறேன்."

அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "வேணாம். அந்தப் பேரு வேணாம். அடக்கத்தன்னிக்கு ஒரு நாளாவது மிஸ்டர் கிரீன்வுட்டா போகணும்னு கையைப் பிடிச்சுக் கேட்டாரு. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். யாரும் வராட்டியும் பரவால்ல, நீங்களும் சொல்லக் கூடாது."

பெட்டியோடு வந்த பிரசங்கியார் வெளியூர்க்காரர், ஒன்றும் தெரியாதவர். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னால் செத்தவருக்குத் துரோகம், சொல்லாவிட்டால் காலி பெஞ்சுகளுக்கு நடுவில் அவரை அனுப்ப வேண்டும்.

அப்போது சேப்பல் உள்ளேயிருந்து தடியை ஊன்றிக்கொண்டு ஒரு ஆள் வந்தது. கேட்டுப்பூட்டு. உயிரோடு. பழைய கறுப்புக் கோட்டில்.

"பேப்பர்ல எம் பேரைப் பாத்தேன்" என்றார். "யாரெல்லாம் வராங்கன்னு பாக்கலாம்னு மேட்டிலேர்ந்து எறங்கி வந்தேன். ஒன்றரை மணிலேர்ந்து உக்காந்திருக்கேன்."

தடியால் ஈடித்தைக் காட்டினார்.

"இந்தப் பொண்ணு சத்தியம் பண்ணியிருக்கு. நீ அதுக்குக் கட்டுப்பட்டிருக்க. நான் யாருக்கும் ஒண்ணும் சொல்லல" என்று நடுத்தெருவுக்குப் போனார். நாற்பது வருஷம் நாங்கள் வெறுத்த அந்தக் குரலை எடுத்தார்.

"செத்தது நான் இல்ல! கோழித்திருடன்! கேக்குதா? கோழித்திருடன் செத்துட்டான், எழுந்து வாங்க எல்லாரும்!"

நெல்லி கதவைத் திறந்தாள், செத்தவன் தெருவில் நின்று கத்துவதைப் பார்த்தாள், வீல் என்று அலறினாள். பிறகு எந்த வீட்டுக் கதவும் மூடியிருக்கவில்லை. ஏப்ரனோடு வந்தார்கள், மாவுக் கையோடு வந்தார்கள், சவரம் பாதி முடிந்த முகத்தோடு ஒருவன் வந்தான். பேண்டுக்காரர்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார்கள். உட்கார இடமில்லாமல் படிக்கட்டுவரை நின்றார்கள். "ஐயோ கோழித்திருடா, எங்ககிட்ட சொல்லாமயே போயிட்டியே" என்று அந்தக் கூட்டம் அழுத அழுகையில் பிரசங்கியார் சொன்ன "மிஸ்டர் கிரீன்வுட்" யார் காதிலும் விழவில்லை. ஈடித் அழுதாள், சிரித்தாள், "அப்பா என்னைக் கொன்னே போடுவாரு" என்றாள்.

அடக்கம் முடிந்து ஹாமும் டீயும் நடந்தபோது மேசைக் கோடியில் கேட்டுப்பூட்டு தனியாக உட்கார்ந்திருந்தார். நான் டீ ஊற்றப் போனேன். கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பட்டாணி, நெசத்தைச் சொல்லு. நான்னு நெனச்சுத்தானே யாரும் வரல?"

மழை, மில் வேலை, பேப்பரைப் பார்க்கவில்லை என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம்.

"ஆமாம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுச் சர்க்கரை கேட்டார். இரண்டு கரண்டி போட்டேன், அவர் எதிரிலேயே உட்கார்ந்தேன்.