ஐம்பத்திரண்டு கிலோ செசிலியா

“ஏம்மே செசிலி, படகு ஆடுதும்மே! ஊசி கையில குத்துது!”

கரையேற்றிய படகுக்குள் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைக்கும் குப்பன் கத்துகிறார். செசிலியா நிறுத்துவதில்லை. படகின் மூக்கில் கட்டிய பழைய சைக்கிள் டியூபின் இரு முனைகளையும் பிடித்து இழுத்து, சரேலென்று திரும்பி, இல்லாத ஓர் ஆளை இடுப்பில் ஏற்றிப் புரட்டுகிறாள். காலையில் முந்நூறு தடவை.

“தோ, இன்னும் நாப்பதுதாண்ணே. நீ கெட்டியா உக்காந்தா படகு ஏன் ஆடுது?”

இருபத்துநான்கு வயது. நான்கு வருடமாக மாநிலத்தின் ஜூடோ சாம்பியன். லைட்ஹவுஸ் குப்பத்தில் அதற்குப் பெயர் கராத்தே. கல்யாண வீட்டில் யாராவது செங்கல்லைக் கொண்டுவந்து நீட்டினால் அவள் முகம் சுருங்கிவிடும். “ஒடைக்கறவங்க வேற ஆளு. நாங்க விழவெக்கறவங்க.”

விழவைக்கும் முன் விழக் கற்றாள். சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது, பயிற்சியாளர் துளசிங்கம் முதல் மூன்று மாதம் விழுவதை மட்டுமே சொல்லிக்கொடுத்தார். விடுமுறைக்கு வந்தவள், அம்மா மேரிக்குக் காட்டுவதற்காக மணலில் மல்லாந்து விழுந்து, கையால் தரையை ஓங்கி அறைந்தாள். மேரி வலிப்பு என்று அலறி, சாவிக்கொத்தை அவள் கையில் திணித்துவிட்டாள்.

எவரைக் கண்டாலும் செசிலியாவின் பார்வை முகத்துக்குப் போவதற்குள் காலுக்குப் போய்விடும். பங்குச் சாமியாரிடமே சொல்லியிருக்கிறாள்: “ஃபாதர், பிரசங்கத்துல வெயிட்டெல்லாம் எடது கால்லியே போடறீங்க. லேசா தட்டினா போதும்.” அன்றிலிருந்து அவர் கால்களை அகட்டி நின்றுதான் பிரசங்கம் செய்கிறார்.

தேசியப் போட்டியில் மட்டும் இரண்டு வருடம் தொடர்ந்து தோற்றாள். இரண்டு முறையும் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவள் பஞ்சாபின் ஹர்ஜீத். முதல் வருடம் பதினொரு விநாடியில் கதை முடிந்தது. ஐம்பத்திரண்டு கிலோவைத் தாண்டக்கூடாது என்று பட்டினி கிடப்பதால்தான் தோற்கிறாள் என்பது மேரியின் கட்சி. அதனால் போன வருடம், 1986இல், தூக்கு நிறைய இறால் தொக்கோடு மேரியும் கல்கத்தா ரயில் ஏறிவிட்டாள்.

விசாகப்பட்டினம் வரை செசிலியா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் மேரி தூக்கைத் திறந்தாள். “ரெண்டு வாய் துன்னா இன்னாடி ஆவப்போவுது?”

என்ன ஆகும் என்பதைப் போட்டியன்று காலை தராசு சொன்னது: நூற்றைம்பது கிராம் அதிகம். குறைத்துக்கொண்டு வர அரைமணி நேரம் கொடுத்தார்கள். செசிலியா மாடிப்படியில் ஏறி இறங்கினாள், எச்சில் துப்பினாள், தோட்டைக் கழற்றினாள். ஐம்பது கிராம் போனது. சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள்.

“நல்லா அழு. அதுவும் வெயிட்டுதான்” என்றார் துளசிங்கம்.

அப்போதுதான் மேரி முதலுதவிப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். செசிலியாவின் இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல் வேளாங்கண்ணிக்கு நேர்ந்தது. பத்து வருடமாக அதில் ஒரு விரற்கடை வெட்ட மேரி விட்டதில்லை. “மாதாவே, இது அட்வான்ஸு. மீதிய அங்கியே வந்து மொட்டையா குடுத்துடறோம்” என்று சொல்லிக் கழுத்தோடு கத்தரித்தாள். தராசு முள் ஐம்பத்திரண்டில் போய் நின்றது.

இறுதி ஆட்டத்தில் மறுபடியும் ஹர்ஜீத். செசிலியாவின் காலரைப் பற்றி மூலைக்குத் தள்ளிக்கொண்டே வந்தாள். செசிலியா பின்வாங்கியபடி அவள் காலையே பார்த்திருந்தாள். மூன்றாவது நிமிடம், முன்வைத்த வலது காலில் ஹர்ஜீத்தின் பாரம் முழுவதும் இறங்கிய கணத்தில், சடாரென்று திரும்பினாள். ஹர்ஜீத் இடுப்பில் ஏறி, புரண்டு, கூரையைப் பார்த்தபடி மெத்தையில் விழுந்தாள். முழுப் புள்ளி. ஆட்டம் முடிந்தது.

“ஐயோ, அந்தப் பொண்ணுக்கு அடிபட்டுடுச்சா!”

விழுந்தவளைத் தூக்கிவிட, வெறுங்காலோடு மட்டுமே ஏற வேண்டிய மெத்தைமேல் மேரி ஓடிவந்தாள், ரப்பர் செருப்போடு. வெற்றியை அறிவிக்க எழுந்த நடுவரின் கை பாதியில் நின்றது. செசிலியா மண்டியிட்டாள். அம்மாவின் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிச் செருப்பைக் கழற்றி, இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பிறகு எழுந்து, நடுவரைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள்.