பேட்டரி நிரம்பிய பிறகும் வெயில் அடிக்கிறது

செவிலிமேட்டில் நாங்கள் கட்டிய புது வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. மாடியில் சோலார் பேனல், கீழே பேட்டரி. ராத்திரிக்குச் சேர்க்க வேண்டும் என்று பகலில் ஃபேன் போடுவதில்லை. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு.

இன்று பதினொரு மணிக்கே பேட்டரி நூறு சதவீதம். மாமியார் மீட்டரைக் காட்டினார். "பேனல்லேர்ந்து தொண்ணூறு வாட்ஸ்தான் வந்துக்கினு இருக்குது, பாரும்மா."

பேட்டரி நிரம்பியதால்தான் பேனல் அடங்கிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். ஃபேனையும் வாஷிங் மெஷினையும் போட்டேன். பேனலின் எண் அறுநூறுக்கு ஏறியது. பேட்டரி நூறிலேயே நின்றது. அப்படியென்றால் தினமும் குறைந்தது ஐந்நூறு வாட்ஸை யாரும் தொடவில்லை.

குழந்தை அசந்து தூங்கினான்.

உடனே சென்னை ஆபீஸிலிருந்து கணவர் போன் செய்தார். மீட்டர் அவர் செல்போனிலும் தெரியும்.

"என்னம்மா, அறுநூறு இழுக்குது? எல்லாத்தையும் நிறுத்து."

"பேட்டரி குறையலைங்க, பாருங்க."

"நான் சாயங்காலம் வந்து பாக்குறேன்."

சாயங்காலம் வெயில் இருக்காதே என்று நான் சொல்வதற்குள் மாமியார் ஃபேனை நிறுத்திவிட்டார். குழந்தை எழுந்துவிட்டான்.

இயற்பியல் படித்தவர்கள் யாராவது இருந்தால் என் கணவரிடம் கொஞ்சம் பேசுங்கள். நானும் எம்.எஸ்சி. இயற்பியல்தான், ஆனால் வீட்டில் இருக்கிறேன்.