ஹசலக்கவில் நான் காலி செய்த தண்ணீர்த் தாங்கி

ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் ஹசலக்கவுக்குப் போய்வந்தேன். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொறாமை. கண்டியிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுவேன். இந்த முறை நான் இடம் பார்க்கப் போகவில்லை. குறை பார்க்கப் போனேன்.

தவமணியும் நானும் தெல்தோட்டையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மூன்று வருடங்களுக்கு முன் ஹசலக்கவுக்கு அப்பால் ஒரு காணியை இருவரும் சேர்ந்து குத்தகைக்கு எடுப்பதாக இருந்தது. நேரில் போய்ப் பார்த்ததும் நான் பின்வாங்கிவிட்டேன். "இந்தக் கல்லுல கள்ளி கூட மொளைக்காது" என்று வேறு சொல்லிவைத்தேன். அவள் தனியாக எடுத்தாள். இப்போது அங்கே சூரிய சக்தி மோட்டார், சொட்டுநீர்க் குழாய், எண்ணூறு மிளகாய்ச் செடிகள். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவள் பேச்சுதான். சோறு இறங்குவதில்லை எனக்கு.

போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டாள். "பக்கத்து அர ஏக்கர் காலியா கெடக்கு. சனிக்கிழமக்குள்ள சொல்லுடி, இல்லாட்டி வேற ஆளுக்குப் போயிரும்." எடுத்தால் அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று ஊருக்கே தெரிந்துவிடும். வேண்டாம் என்று சொல்ல நல்லதாக ஒரு காரணம் தேடித்தான் வியாழக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

கண்டி குட்ஸ் ஷெட் பஸ் நிலையத்தில் 6.40க்கு மஹியங்கனை பஸ். டிக்கெட் 320 ரூபாய். தெல்தெனிய தாண்டி, ஹுன்னஸ்கிரியவில் தேநீருக்குப் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். அதுவரை குளிர். பிறகு பதினெட்டு வளைவு இறக்கம். வயிறு புரட்டும் என்றால் முன் இருக்கையாகப் பிடியுங்கள், ஹுன்னஸ்கிரியவில் ரோல்ஸ் சாப்பிடாதீர்கள். நான் சாப்பிட்டேன். இறங்க இறங்க பச்சை வெளுத்து, கடைசி வளைவில் காற்றே அடுப்பு வாசல் மாதிரி அடித்தது. 9.25க்கு ஹசலக்க.

சந்தியிலிருந்து தோட்டம் நான்கு கிலோமீட்டர். முச்சக்கரவண்டிக்கு 500 ரூபாய். சாரதி ஒரு முஸ்லிம் அண்ணன். தவமணியின் பெயரைச் சொல்லி, தெரியுமா என்று கேட்டேன்.

"சோலர் அக்காவா? அவங்களத் தெரியாத ஆள் ஈக்கா இங்க?" என்றார்.

சோலர் அக்கா! பட்டமும் கொடுத்துவிட்டார்கள்.

தோட்டம் நன்றாகத்தான் இருந்தது. எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். கிணற்றருகே இரண்டு சோலர் தகடுகள். பத்தடி உயர இரும்புச் சட்டத்தில் ஆயிரம் லீற்றர் தாங்கி. பகல் வெயிலில் மோட்டார் ஓடித் தாங்கியை நிரப்பிவிடும். மாலை நான்கு மணிக்கு வால்வைத் திறந்தால், தண்ணீர் தானாக இறங்கி ஒவ்வொரு செடியின் காலடியிலும் சொட்டும். செடிகள் பூத்திருந்தன. பூக்கிற நாளில் ஒருவேளைத் தண்ணீர் தவறினாலும் இந்த வெயிலுக்குப் பூ கொட்டிவிடும் என்றாள் தவமணி.

மூன்று மணிக்கு மிளகாய் மூட்டையோடு சந்திக்குக் கிளம்பினாள். "நாலு மணிக்கு அந்த நீலக் கைப்பிடியத் திருப்பி விடு. வேற ஒன்னும் செய்யாத, சரியா?"

திருப்பினேன். கால் மணி நேரம் பார்த்தேன். செடிக்கடியில் உள்ளங்கை அளவு ஈரம், சுற்றிலும் புழுதி. இதுதானா உன் சோலர்? குழாய் அடைத்திருக்கிறது, இவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒவ்வொரு குழாயின் நுனியையும் மடித்து வளையம் மாட்டியிருந்தாள். உதவி செய்கிற நினைப்பில் இருபது வளையங்களையும் கழற்றினேன். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. கண்டிப் பக்கம் மழை பெய்தால் மண் எப்படியிருக்கும், அப்படி இருந்தது. திருப்தியாகப் போய்க் கதிரையில் உட்கார்ந்தேன்.

ஐந்து மணிக்கு அவள் வந்தபோது தாங்கி காலி. குழாய் நுனிகள் இருந்த தோட்டத்து ஓரம் சேறு, செடிகளின் காலடி காய்ந்துகிடந்தது. வெயில் சரிந்துவிட்டதால் மோட்டாரும் ஓடாது.

"கண்டிக்காரி புத்தி! சேறா இருந்தாத்தான் ஒனக்குத் தண்ணி," என்று கத்தினாள். பிறகு என் கையைப் பிடித்து, காலையில் அவள் நீர் விட்டுவைத்த நாற்றுப் பாத்தியின் புழுதிக்குள் என் விரலை அழுத்தினாள். ஓர் அங்குலத்துக்குக் கீழே மண் குளிர்ந்து, பிசுபிசுவென்று ஈரமாக இருந்தது. அழுகை வந்தது எனக்கு. தோட்டத்துக்காக மட்டுமல்ல.

அதற்குமேல் அவள் திட்டவில்லை, வாளியைக் கையில் கொடுத்தாள். அவள் கிணற்றில் இறைக்க, நான் தூக்கிக்கொண்டு ஓடினேன். பூத்த வரிசைகளுக்கெல்லாம் செடிக்கு ஒரு கோப்பை. பாதி வரிசையில் கேட்டாள், "எடுக்கிறியா, இல்லியா?"

"எனக்கு ஒம்மேல பொறாமடி."

"அது தெரியும். காணிய எடுக்கிறியா, இல்லியா?"

இருட்டுவதற்குள் முடித்தோம். இரவு அங்கேயே தங்கி, மறுநாள் 6.15 பஸ்ஸில் திரும்பினேன். கை இரண்டும் கொப்புளம்.

இப்படிப்பட்ட தோட்டம் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தொப்பியும் இரண்டு போத்தல் தண்ணீரும் அவசியம். பகல் பன்னிரண்டுக்கு முன் போனால் மோட்டார் ஓடுவதைப் பார்க்கலாம். மண் காய்ந்திருக்கிறதா என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள், விரலை விட்டுப் பாருங்கள். குழாய் நுனியை மட்டும் தொடவே தொடாதீர்கள். ஆயிரம் லீற்றர் வடிய அரை மணி நேரம்கூடப் பிடிக்காது.

பக்கத்து அரை ஏக்கரை எடுத்துவிட்டேன். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை, அதனால்தான் எடுத்தேன். அடுத்த வருடம் அதே சந்தியில் யாராவது சோலர் அக்கா தோட்டம் என்று கேட்டால், அந்தச் சாரதி திரும்பி, "எந்த சோலர் அக்கா?" என்று கேட்க வேண்டும்.