ஒரு நாள் விடுபட்ட பதிவேடு

கிளாரிசா இருபத்தாறு வருடமாக அரசாங்கத் தணிக்கையாளர். பிழையே இல்லாத பதிவேட்டைக் கண்டால் அவருக்கு எரிச்சல் வரும். முப்பது நாளும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் டிக் அடித்திருந்தால், மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக அடித்தது என்றே எடுத்துக்கொள்வார்.

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையில் ஓர் அரசுக் கட்டடம். அங்கே தீயணைப்புப் பம்பைத் தினமும் சோதிப்பவர் மேக்ஸ்வெல். கிளாரிசா தணிக்கைக்குப் போனபோது, அவருடைய பதிவேட்டில் மார்ச் பதினான்காம் தேதிக்கு நேரே, "இன்று பார்க்கவில்லை. மகளுக்குக் காய்ச்சல்" என்று எழுதியிருந்தது.

மேக்ஸ்வெல் தலையைச் சொறிந்தார். "சாரி மேடம். எனக்குப் பதிலா பாக்க ஆள் இல்ல லா."

"இத மறைக்காம எழுதியிருக்கீங்க பாருங்க, அதனாலதான் மத்த நாளையெல்லாம் நம்புறேன்," என்றார் கிளாரிசா.

ஆனாலும் அறிக்கையில் அதைக் குறையாகவே எழுதினார். குறை மேக்ஸ்வெல்மேல் அல்ல, நிர்வாகத்தின்மேல்: ஒருவர் வராவிட்டால் சோதனை நின்றுவிடுகிறது, மாற்று ஆள் தேவை.

மறு வருடம் கிளாரிசா போனபோது மேக்ஸ்வெல் இல்லை. மகளின் பள்ளி விளையாட்டு விழாவுக்காக லீவு போட்டிருந்தார். பதிவேட்டில் அன்றைய தேதிக்கு நேரே வேறொருவரின் கையெழுத்து. மை இன்னும் காயவில்லை.