கோசலையின் அளவுச்சட்டை

சேற்று மையால் முதலையும் ஆமையும் வரைந்த கைநெசவுத் துணி. முதலையின் வால் தோள் மூட்டில் முறியாமல் வரவேண்டும் என்று கோசலையின் கைகள் ஒரே தையலை மூன்றாம் முறை பிரித்துக்கொண்டிருந்தன.

கோசலை பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைவீதியான லா சப்பலில் யோகநாதனின் சேலைக்கடைப் பின்பகுதியில் பதினொரு வருடமாக ரவிக்கை தைக்கிறார். யாரிடமும் படிக்கவில்லை; பழைய ரவிக்கைகளைப் பிரித்துப் பார்த்தே பழகியவர். இரண்டு வருடமாக ஆபிரிக்கத் துணியில் பின்கழுத்தில் தொப்பிபோல் தலைமூடி வைத்த ஜாக்கெட்டுகளும் வடிவமைக்கிறார். ஒருவரும் வாங்கவில்லை. ஐவரி கோஸ்ட் பாடகன் அலெக்சாந்த்ர்தான் முதல் ஆள், துணியும் அவனுடையது. சனிக்கிழமை மேடையில் போடுவான். எடுபட்டால் கடை வாசல் பொம்மைக்கு இனிக் கோசலையின் உடுப்புத்தான் என்று யோகநாதன் சொல்லியிருந்தார்.

கோசலை எவர் உடம்பிலும் அளவுநாடா வைப்பதில்லை. நன்றாகப் பொருந்தும் பழைய சட்டையைக் கொண்டுவரச் சொல்வார், அதுவே அளவு. அலெக்சாந்த்ர் தகப்பனின் பூபுவைக் கொண்டுவந்தான். பெருநாளுக்குப் போடும் தொளதொள அங்கி. மேசை போதாமல் கோசலை அதை நிலத்தில் விரித்தார். அலெக்சாந்த்ர் ஒல்லிதான். ஆனால் அளவுச்சட்டை என்றால் அளவுச்சட்டை.

வெள்ளி மத்தியானம் ஜாக்கெட்டைத் தூக்கி அலெக்சாந்த்ருக்கு மாட்ட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

"தங்கச்சி, இது சட்டையோ, கலியாணப் பந்தலோ?" என்றார் யோகநாதன்.

"அளவுக்குத் தைச்சது, அண்ணை. ஒரு நூல் பிசகேல்லை."

"அளவு சரி. ஆள் எங்கை?"

ஆள் உள்ளேதான் இருந்தான். குறுக்கினால் முதலை பாதியாகும், ஆமைக்குத் தலை போகும். கோசலை கத்தரிக்கோலைத் தொட மறுத்தார். யோகநாதன் பொம்மைக்குப் பட்டுச்சேலை சுற்றத் தொடங்கினார்.

அலெக்சாந்த்ரோடு மேடையில் ஆடும் மனோனும் கூட வந்திருந்தாள்; அவள் ஜாக்கெட்டின் கீழால் நுழைந்து கழுத்து வழியே தன் தலையையும் நீட்டினாள். அப்படியும் இடம் மிச்சம். நாலு காலில் கடையை ஒரு சுற்று ஆடி வந்தார்கள். சேலை பார்க்கப் புறநகர் பொண்டியிலிருந்து வந்த இரண்டு பெண்கள் சுவரோடு ஒதுங்கி, இது என்ன விலை என்று கேட்டார்கள். மனோனுக்கு ஒரே ஒரு குறை: தலைமூடி ஒன்றுதான் இருக்கிறது.

கோசலை அவளுடைய தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பழைய தொப்பி ஏதும் வைத்திருக்கிறாளா என்று கேட்டார்.

மிச்சத் துணியில் இரண்டாவது தலைமூடி ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. யோகநாதன் பொம்மையிலிருந்து சேலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இரண்டு தலைக்கு ஒரு பொம்மை காணாது போல கிடக்கு, தங்கச்சி."

கோசலை கழுத்துப் பட்டியில் தன் பெயர்த் துண்டைத் தைத்து, நூலைக் கடித்து எடுத்து, ஜாக்கெட்டை அலெக்சாந்த்ரும் மனோனும் சேர்ந்து ஏந்தும்படி நீட்டினார்.