அக்காவின் ழ

டேப்பம்மா தன் புத்தகத்தைத் தானே விற்க முதன்முதலாக உட்கார்ந்த அன்று, மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு பிரதிதான் போனது. அதை வாங்கியவரும் வாசகர் இல்லை. புத்தகக்கடைக்கு விளக்கு மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன். ஏணி போட அவளுடைய மேசையை நகர்த்த வேண்டியிருந்தது. பெரிய மனுஷியை எழுப்பிவிட்ட சங்கடத்தில் ஒன்று வாங்கிக்கொண்டார்.

கழுத்தில் எந்நேரமும் இஞ்ச் டேப் தொங்குவதால் வந்த பெயர் டேப்பம்மா. நாற்பத்தோரு வருஷமாகத் தையல்கடை நடத்துகிறவள். படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஒற்றை மெஷினில் தொடங்கி ஒன்பது மெஷினுக்கு வந்தவள். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை என்பதைக் கேட்டவர்களிடமும் சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள். ஆள் வாசலில் கால் வைக்கும்போதே தோள் இவ்வளவு, கை இவ்வளவு என்று அளந்துவிடும் கண் அவளுக்கு. பட்டன் மட்டும் தைக்க வந்தவரை இரண்டு சட்டைக்கு அளவு கொடுக்கவைத்து அனுப்பும் வாய். அப்பேர்ப்பட்ட வாய், தான் எழுதிய புத்தகத்துக்கு முன்னால் கப்பென்று மூடிக்கொண்டது.

பில் புத்தகத்தின் பின்பக்கங்களில் எழுதிப் பழகி, ஐம்பத்தெட்டாவது வயதில் முதல் புத்தகம் போட்டாள். இப்போது மூன்றாகிவிட்டது. முதல் இரண்டும் பதிப்பகத்துக் கிடங்கில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க," என்றார் பதிப்பகக்காரர். "புத்தகம் தானா நடந்து யார் வீட்டுக்கும் போகாது. எழுதினவங்க நேர்ல போய் நிக்கணும், பேசணும். மூணாவதும் இப்படியே கிடந்துச்சுன்னா நாலாவதுக்கு என்னைத் தேடாதீங்க."

"ஆயிரக்கணக்குல ஆளுங்கள நிக்கவெச்சு அளவெடுத்தவ நான். நாலு பேர் முன்னாடி நான் நிக்க மாட்டேனா?" என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்தபிறகுதான் என்ன பேசுவது என்று யோசித்தாள்.

மூன்றாவது புத்தகம் அக்காவின் கதை. டேப்பம்மாவுக்கு இருப்பதே ஒரே அக்கா. அக்காவின் கணவர், மகள் பிறந்த ஐந்தாம் மாதம், துறைமுகத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். ஒரு வரி எழுதவில்லை. வேறு ஊரில் வேறு குடும்பம் என்று பிறகு தெரிந்தது. வீட்டிலோ மாமியார், மகன் மகன் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படுக்கையில் கிடந்தாள். எழுத்து தெரியாதவள். அக்கா என்ன செய்தாள் தெரியுமா? கணவர் எழுதுவதுபோலத் தானே கடிதம் எழுதினாள். மாதம் ஒருமுறை நூலும் பட்டனும் வாங்க டேப்பம்மா துறைமுக ஊருக்குப் போவாள். கடிதத்தை அங்கே தபாலில் போடுவது அவள் வேலை. முத்திரை சரியாக விழ வேண்டுமே. ஒட்டுவதற்கு முன் அக்கா அதைத் தங்கைக்குப் படித்துக் காட்டுவாள்.

"ஆம்பள எழுதின மாதிரி இருக்காடி?"

"ரொம்ப பாசமா இருக்கு. அவர் எங்க இப்படி எழுதப்போறாரு? கொஞ்சம் திட்டு."

அக்கா யோசித்து, 'அடுப்பை அணைக்காமல் தூங்கிவிடாதே, உனக்கு ஞாபகமறதி அதிகம்' என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு ஒரு வரி சேர்ப்பாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

ஒன்பது வருஷம் இப்படி. மாமியார் நிம்மதியாகக் கண்ணை மூடினாள். அதற்குள் மகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்துவிட்டது. அவள் எழுத்துக் கூட்டிப் பழகியதே அப்பாவின் கடிதங்களில்தான். அதனால் அக்கா இன்னும் மூன்று வருஷம் எழுதினாள். கடைசியில் அவருக்கு ஒரு காய்ச்சலை வரவழைத்து, கௌரவமாக மேலுலகத்துக்கு அனுப்பிவைத்தாள்.

இதைப் புத்தகமாக்கட்டுமா என்று டேப்பம்மா கேட்டபோது அக்கா கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "எழுதிக்கோ. ஆனா கதைன்னே இருக்கட்டும். நிஜம்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லிடாதே. அந்தக் கடுதாசிப் பெட்டிய வெச்சுக்கிட்டுதான் என் பொண்ணு தனக்கு ஒரு அப்பா இருந்தாருன்னு நிமிந்து நடக்கறா."

"என் வாய்க்கு ரெட்டைத் தையல் போட்டாச்சுக்கா."

புத்தகம் வந்தது. அக்கா மகள் படித்தாள். அவளுக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது, ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் வேலை. "எங்கப்பா கடுதாசிய சித்தி அப்படியே எடுத்துப் போட்டிருக்காங்க. கதைக்காக, பொண்டாட்டியே எழுதினான்னு மாத்திட்டாங்க. இருக்கட்டும், அந்தப் புத்தகத்துலயே எங்கப்பா எழுதினதுதான் அழகு!" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். டேப்பம்மாவுக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனாலும் அது உண்மைதான். புத்தகத்தில் அழகு அந்தக் கடிதங்கள்தான், அவற்றில் ஒரு வரியும் அவளுடையது இல்லை. அக்கா படிக்கக் கேட்டு நெஞ்சில் பதிந்திருந்ததை எழுத்துப் பிசகாமல் இறக்கிவைத்தது மட்டுமே அவள் செய்தது.

எலெக்ட்ரீஷியனுக்குப் பிறகு அவள் யோசித்தாள். சட்டை விற்கத் தெரிந்தவளுக்குப் புத்தகம் விற்கத் தெரியாதா? அடுத்த முறை ஒரு நூலக வாசலில் மேசை போட்டபோது நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். போகிறவர்களைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள்.

"சார், உங்களுக்கு முதல் புத்தகம். சின்னச் சின்னக் கதை, பஸ் வர்றதுக்குள்ள ஒண்ணு முடிஞ்சுடும். இடுப்பப் பிடிக்காது."

"ஏம்மா, எனக்கு?" என்றாள் கூட வந்த மனைவி.

"உங்களுக்கு மூணாவது. கொஞ்சம் கனமான துணி. ஆனா உங்க தோள் தாங்கும்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். அன்று பதினொன்று போயின. டேப்பம்மா வீட்டுக்கு வந்து மருமகனிடம், "பதினொண்ணு! நின்ன இடத்துல!" என்று மூன்று தடவை சொன்னாள். அவர் மூன்று தடவையும் "அப்படியா அத்தே" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பதிப்பகக்காரர் செவிலியர் சங்கக் கூட்டத்தில் பேச ஏற்பாடு செய்தார். நீளமான அறை, நூறு நாற்காலி. எதிரே வேலை முடித்துவிட்டு வந்த பெண்கள், கால் வலியோடு. டேப்பம்மா ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டினாள். அடுப்பை அணைக்கச் சொல்லும் அந்தக் கடிதம். அறை அடங்கிப்போனது. முன்வரிசையில் ஒரு செவிலி எழுந்து கேட்டாள்: "அம்மா, இது நிஜமா நடந்ததா?"

நூறு முகம் அவளையே பார்த்தன. கடையில் எத்தனையோ பேர் அவளைப் பார்த்திருக்கிறார்கள். அதெல்லாம் சட்டை எப்போது கிடைக்கும் என்று கேட்கிற பார்வை. இது வேறு. இதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"நிஜந்தாம்மா," என்றாள். "எங்க அக்காவுக்கு நடந்தது. அந்தக் கடுதாசியெல்லாம் தபால்ல போட்டதே நான்தான்."

கொண்டுபோன இரண்டு கட்டும் தீர்ந்தன. வரிசையில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். 'வாழ்த்துகளுடன்' என்று எழுதி எழுதி விரல் மரத்தது. பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்கள். ஒருத்தி போனில் எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தாள்.

வெளியே வந்ததும் மனது உறுத்தியது. 'அக்கா பேரையா சொன்னோம்? ஊரையா சொன்னோம்?' என்று தனக்குத் தானே வக்கீல் வைத்துக்கொண்டாள். வக்கீல் ஜெயித்தார். அடுத்த கூட்டத்தில் யாரும் கேட்பதற்கு முன்பே அவளே சொன்னாள். அதற்கடுத்ததில் அதை வைத்தே பேச்சைத் தொடங்கினாள். எந்த இடத்தில் குரலைத் தணிக்க வேண்டும், எங்கே நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதெல்லாம் கைவந்துவிட்டது. பதிப்பகக்காரர் இரண்டாம் பதிப்பு அடித்தார். "அம்மா, நீங்க பொறந்ததே மேடைக்குத்தான்," என்றார். அவளும் நம்பினாள்.

சொந்த ஊரில் பெரிய புத்தகக்கடையில் கையெழுத்து நாள் வைத்தார்கள். ஏணிக்காக எழுப்பிவிட்டார்களே, அதே கடை. இன்று வாசல்வரை வரிசை. டேப்பம்மா குனிந்த தலை நிமிராமல், "பேரு சொல்லுங்க," "பேரு சொல்லுங்க," என்று எழுதித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மேசைமேல் ஒரு புத்தகம் வந்தது. அதைப் பிடித்திருந்த கையின் சட்டை நுனி கண்ணில் பட்டது. இடது கை. மற்றக் கையைவிட அரை இஞ்ச் குறைத்து மடித்த நுனி. சின்ன வயதில் எலும்பு முறிந்து, கூடும்போது கை கொஞ்சம் குட்டையாகிப்போன ஒருத்திக்கு மட்டும் அப்படி மடிக்க வேண்டும். மடித்தது அவள்தான்.

நிமிர்ந்தாள். அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"வரிசையில நிக்கணுமாக்கா? நேரா வர வேண்டியதுதானே?"

"எல்லாரும் நிக்கறாங்க. நானும் நின்னேன்." அக்காவின் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று டேப்பம்மா பிறகு பல நாள் நினைத்தாள். "பொண்ணு பேருக்கு எழுது."

பேனா நகரவில்லை.

"அவ வேலை பண்ற இடத்துல போன்ல போட்டுக் காமிச்சிருக்காங்க, நீ பேசினத. வீட்டுக்கு வந்தா. சண்டை போடல. பெட்டியத் தெறந்தா. கடைக்குப் போக நான் எழுதிவெச்ச சீட்டை எடுத்தா. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா."

"நீ கையெழுத்த மாத்தித்தானே எழுதினே?"

"எல்லாத்தையும் மாத்தினேன். ழ மட்டும் மாறல. வால நான் உள்பக்கம் சுழிச்சு விடுவேன்ல? வாழைப்பழம்னு சீட்டுல இருக்கு. அங்க ரெண்டு ழ, இங்க 'மழை பெய்கிறது'ல ஒரு ழ. மூணும் ஒரே அச்சு."

பின்னால் நின்றவர் இருமினார்.

"என்ன கேட்டா?"

"'அப்பா ஒரு எழுத்தாவது எழுதினாரா'ன்னு கேட்டா. இல்லன்னேன். பெட்டிய மூடி எங்கிட்ட குடுத்துட்டா. 'இது உன் கையெழுத்து, நீயே வெச்சுக்கோம்மா'ன்னா." அக்கா புத்தகத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். "ஊரெல்லாம் நேர்ல நின்னு பேசுறியாமே. அவகிட்டயும் போய் நேர்ல நின்னு பேசு."

டேப்பம்மா எழுதத் தொடங்கினாள். 'வா' என்று எழுதினாள். அடுத்த எழுத்தில் கை தானாக வாலை உள்பக்கம் சுழித்தது. பள்ளியை விட்டபின் அவள் எழுத்துப் பழகியது அக்காவின் நோட்டைப் பார்த்துத்தான். இத்தனை மாதமாக எத்தனை பேர் புத்தகத்தில் அக்காவின் ழவைப் போட்டுக் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணி, அங்கேயே நிறுத்தினாள். அக்கா பாதி எழுத்தோடு புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை பல் மருத்துவமனைக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் அக்கா மகள்.

"டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க சித்தி."

எடுத்தாள். இருபத்தாறு. கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். என்ன சொல்வது என்று வரி வரியாகக் கட்டிப் பார்த்தாள்; ஒவ்வொன்றும் மேடையில் சொல்வதுபோலவே வந்தது. எண்ணைக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு முன் போய் நின்றாள். நூறு பேரை அழவைத்த வாயில் ஒரு சொல் வரவில்லை.

அக்கா மகள்தான் பேசினாள், அடுத்தவருக்குச் சீட்டு எழுதிக்கொண்டே. "எங்க டாக்டர்லேருந்து தரை துடைக்கிறவங்க வரைக்கும் என்னைப் பாத்து உச்சுக் கொட்டுறாங்க சித்தி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இதையும் மேடையில சொல்லுங்க. நிஜம்னு நீங்க அன்னைக்குச் சொன்னது பொய்னு சொல்லுங்க."

"ஆனா உனக்குத் தெரியுமே கண்ணு..."

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரிய வேணாம்."

பொய்க்காரி என்று யாரும் சொன்னதில்லை டேப்பம்மாவை. சொன்ன தேதிக்கு ஒருநாள் தள்ளிச் சட்டை கொடுத்ததில்லை. அந்தப் பெருமையை நாற்பத்தோரு வருஷமாகச் சீவிச் சிங்காரித்து வைத்திருந்தாள்.

அடுத்த கூட்டம் நகராட்சி நூலக மாடியில். போன் எடுத்துப் படம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொண்டாள். இரண்டு பேர் இருந்தார்கள். டேப்பை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்ததால் கழுத்து வெறுமையாக இருந்தது.

"ஒரு விஷயம் சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கணும்," என்றாள். "இது நிஜம்னு நான் சொன்னேன் இல்ல? பொய். புத்தகம் போகணும்னு சொன்னேன். எங்க அக்காவுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கல. அவ வீட்டுக்காரர் நல்ல மனுஷன். மாசம் தவறாம எழுதுவார்."

சலசலப்பு எழுந்தது. பதிப்பகக்காரர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அந்தச் செவிலி இன்றும் வந்திருந்தாள், முன்வரிசையில். அவள் முகம் சுருங்கிப்போனது. "அன்னைக்கு நாங்க அழுதோமேம்மா," என்றாள். இரண்டு பேர் எழுந்து போனார்கள். நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் மாடி முழுவதும் கேட்டது.

பின்வரிசையில் ஒரு பெரியவர், மூக்குக் கண்ணாடிக்காரர், கையைத் தூக்கினார்.

"கதைன்னா கதையா இருந்துட்டுப் போகட்டும்மா. அந்தக் கடுதாசிங்க? அடுப்ப அணைக்கச் சொல்லி ஒண்ணு வருமே, அதெல்லாம் யார் எழுதினது?"

டேப்பம்மா தண்ணீர் டம்ளரை எடுத்தாள். குடிக்காமல் வைத்தாள். மூன்று புத்தகத்திலும் அவள் எழுதாத பக்கங்கள் என்று இருந்தால் அவைதான்.

"நான்தான் எழுதினேன்," என்றாள்.

"அப்போ உங்க கைக்குத்தாம்மா மரியாதை. நிஜமா நடந்ததப் பாத்து யார் வேணும்னாலும் எழுதுவாங்க," என்று அவர் எழுந்து நின்று தட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். கடைசியில் அந்தச் செவிலியும். போன் இரண்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. கைதட்டல் எப்போது ஓயும் என்று டேப்பம்மா மேசையின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள்.